ஹாரன் பட்டனில் சந்தனம்

என் காரில் ஹாரன் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது. சொன்னால் சிரிப்பீர்கள். வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிற வண்டி, எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நான் ரோட்டில் ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை. முன்னால் போகிறவன் ஒதுங்குவான் என்று நம்புகிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும், யாரும் யாருக்கும் ஒதுங்குவதில்லை.

நான் ஹாரனைத் தொட்டது ஒரே ஓர் இடத்தில்தான். என் வீட்டு கேட்டுக்கு முன்னால், சின்னதாக ரெண்டு தடவை. என் மனைவி கனகா வந்து திறப்பாள். ஒரு நிமிஷம் தாமதமானால், "ஹாரன் அடிச்சு எம்புட்டு நேரமாச்சு, காது கேக்கலையா" என்பேன். முதலில் இடது கதவு, அப்புறம் வலது கதவு, திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வாள்.

அவள் போன பிறகு நானே இறங்கித் திறக்கிறேன், ஏறி உள்ளே விடுகிறேன், மறுபடியும் இறங்கி மூடுகிறேன். ஹாரனுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

வண்டி எழுபத்தி நாலாம் வருஷத்து அம்பாசடர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சின்னாளப்பட்டியில் ஒரு சேலை வியாபாரியிடம் வாங்கியது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தவேண்டும். எனக்குத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிரேக், லைட், வைப்பர் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை.

அழுத்தினேன் என்று சொன்னது அவ்வளவு சரியில்லை. பட்டனின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அமுக்கினேன். நடுவில் கை வைக்க முடியாது. நடுவில் கனகா வைத்த பொட்டு இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டி முழுக்கச் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சக்கரத்துக்கு வை, பானட்டுக்கு வை, யார் வேண்டாம் என்றது. கனகா ஸ்டியரிங் நடுவில் இருக்கிற ஹாரன் பட்டனுக்கும் வைப்பாள். "அங்க வைக்காத, சந்தனம் உள்ள எறங்கிரும்" என்று வருஷா வருஷம் கத்துவேன். "வண்டிக்கு வாய் அதுதான, அதுக்கு வைக்காம எதுக்கு வைக்கிறது" என்று வருஷா வருஷம் சொல்லுவாள். மறுநாள் நான் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். கடைசி வருஷம் துடைக்கவில்லை, பட்டனின் ஓரத்தை அழுத்திச் சமாளித்துக்கொண்டேன். காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, சோம்பல்தான். பன்னிரண்டாம் நாள் கனகா குழாயடியில் குடத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

மகள் தமிழ்மதி ஓசூரில் இருந்து வந்து காரியமெல்லாம் முடித்து, அம்மாவின் சேலைகளை யார் யாருக்கோ கொடுத்தாள். நல்லதுதான் செய்தாள், நான் வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைக்கூட வந்தவர்களில் யாரோ சுரண்டித் துடைத்துவிட்டார்கள். எல்லாரும் கிளம்பின பிறகு, பத்து நாள் கழித்துக் காரில் ஏறி உட்கார்ந்தேன். பட்டனில் சந்தனம் தடிமனாக, ஒரு பக்கம் பட்டன் ஓரத்தைத் தாண்டி வழிந்து காய்ந்திருந்தது. அதன் மேல் குங்குமம். சந்தனத்தில் அவளுடைய மோதிர விரல் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது. வீட்டில் அவள் கை பட்ட அடையாளம் என்று அது ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே ஹாரன் பழுது என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்.

மெக்கானிக் பிராங்கிளினுக்கு போன் போட்டேன். "மொதல்ல பட்டன நெம்பி எடுத்துப் பாருங்க சார். நூத்துக்குத் தொண்ணூறு அதான்" என்றான்.

"மீதி பத்து?"

"ஃபியூஸு, ஒயரு, இல்லாட்டி ஹாரனே போயிருக்கும்."

"அந்தப் பத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எதுக்கு சார் சுத்திக்கிட்டு? வண்டியக் கொண்டாங்க, அஞ்சு நிமிஷம்."

"கீழ தனியா ஒரு சுவிட்ச் வச்சுக்கிட்டா என்ன?"

"புதுசா வந்திருக்க இன்ஸ்பெக்டரு அதெல்லாம் ஒத்துக்க மாட்டாரு சார். ஸ்டியரிங்லதான் அழுத்திப் பாப்பாரு. போன வாரம் ரெண்டு வண்டியத் திருப்பி அனுப்பிட்டாரு."

போனை வைத்துவிட்டேன். நான் கரண்டு ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். பழுது எங்கே என்று தேடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஆனால் பழுது குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை ஃபியூஸைக் கழற்றினேன். நன்றாக இருந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை கழற்றிப் பார்த்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

சனிக்கிழமை காலை சிறுமலைப் பக்கம் மஞ்சு விலகின பிறகு பானட்டைத் திறந்தேன். இந்தப் பழைய வண்டியில் கரண்டு எப்போதும் ஹாரன் வரைக்கும் வந்து நின்றுகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் ஹாரனின் இன்னொரு ஒயர் வழியாக வண்டித் தகட்டுக்கு இறங்க அதற்கு வழி கிடைக்கும், அப்போதுதான் சத்தம் வரும். கரண்டு இருந்தால் எரிகிற டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்தேன். ஹாரன் வரைக்கும் கரண்டு வருகிறது. சரி, ஹாரன் செத்திருக்கும், புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று ஆசையாக ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஹாரனின் இன்னொரு முனையைத் தகட்டோடு தொட்டேன்.

அடித்தது. பதினாலு மாதம் மூடிக் கிடந்த வாய் திறந்த மாதிரி அடித்தது. கையை எடுக்கத் தோன்றாமல் நின்றேன். தெருவில் நாய் குரைத்தது. ஹாரன் நன்றாக இருக்கிறது, புதிதாக வாங்கி மாட்டுகிற வழியும் போயிற்று.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் பேச்சாயி தலை தெரிந்தது.

பேச்சாயியும் நானும் பேசி நாலு வருஷம். அவள் வீட்டு முருங்கைக் கிளை எங்கள் சர்வீஸ் ஒயரில் உரசியது. வெட்டச் சொன்னேன், காய் முத்தட்டும் என்றாள். அவள் ஊருக்குப் போயிருந்த நேரம் ஆளை விட்டு வெட்டிவிட்டேன். சட்டப்படி என் பக்கம்தான் நியாயம், இப்போதும் அதைத்தான் சொல்வேன். கனகா மட்டும் அவளோடு பேச்சை விடவில்லை. பேச்சாயி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். சாயம் முக்குவதற்கு முன்னால் துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுகிற வேலை. மத்தியானம் ஆனால் கனகா அங்கே போய் உட்கார்ந்து தானும் பத்து முடிச்சுப் போடுவாள்.

சுவருக்கு மேல் இருந்த முகம் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் கேட்டைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

"என்னண்ணே, ஹாரன் சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்று சொன்னதற்குப் பிறகு, போனை விட்டுவிட்டால், நேருக்கு நேர் ஒரு மனுஷ முகம் என்னோடு பேசியது அப்போதுதான். வறட்டுக் கௌரவத்துக்கு அது இடமில்லை.

"ரிப்பேரு. ஒத்தை ஆளாப் பாக்க முடியல" என்றேன்.

அது உண்மை. மிச்சம் இருப்பது இரண்டே இடம். ஒன்று, ஹாரனில் இருந்து ஸ்டியரிங் அடிக்குப் போகிற ஒயர். இன்னொன்று, பட்டன். அதைச் சோதிக்க ஒருவர் முன்னால் அந்த டெஸ்ட் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், ஒருவர் உள்ளே பட்டனை அழுத்தவேண்டும். தனி ஆளாக இருந்தால் பட்டன் மேல் ஒரு செங்கல்லை வைத்துக் கட்டிவிட்டு முன்னால் வரலாம். அந்தப் பட்டன் மேல் நான் செங்கல் வைப்பேனா.

பேச்சாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட் வழியாக வந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"எத அழுத்த?"

"வட்டத்துக்கு நடுவுல இருக்குல்ல, அது. நடுவுல கை வைக்காத. ஓரத்துல, மெதுவா."

கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் பட்டனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி வச்சதாண்ணே?"

"ஆமா."

"மேல என்னமோ பளபளன்னு இருக்கு."

"வார்னிஷ். சந்தனம் உதிர ஆரம்பிச்சுச்சு. அதான் ரெண்டு கோட்டு அடிச்சுவிட்டேன்."

"இந்தக் கதவு நெலைக்கு அடிப்பாகளே, அதா?"

"இல்ல. மோட்டார் காயிலுக்கு அடிக்கிறது. ஷெட்டுல கெடந்துச்சு."

"காயிலுக்கு எதுக்கு வார்னிஷ்?"

வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். நானும் யோசிக்காமல் சொன்னேன். "ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் கரண்டு போகாம இருக்க."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. விளக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்கிவிட்டது. கரண்டு கடக்கக் கூடாத இடத்தில் பூசுகிற வார்னிஷை, கரண்டு கடந்தால்தான் வேலை செய்யும் என்கிற இடத்தில், நானே, என் கையால், ரெண்டு கோட்டு பூசியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற ஹெல்ப்பர் செய்திருந்தால் ஒரு வாரத்துக்கு அவனைக் கிண்டலடித்தே கொன்றிருப்பேன்.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. "அழுத்து" என்றேன்.

"அழுத்திட்டேன்."

விளக்கு எரியவில்லை.

"அழுத்திருக்கியா?"

"அழுத்தித்தேன் இருக்கேன்."

ஸ்டியரிங் தண்டின் அடியில், பட்டனுக்குப் போகிற ஒயர் சேரும் இடத்தை ஒயர்த் துண்டால் தகட்டோடு தொட்டேன். ஹாரன் அடித்தது. ஒயரும் நன்றாக இருக்கிறது. பிராங்கிளின் சொன்ன பத்தையும் பார்த்து முடித்துவிட்டேன்.

பேச்சாயி இறங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தச் சத்தம் கேட்டா மதினி பாதி முடிச்சுல எந்திரிச்சு ஓடும்ணே" என்றாள். "நூலக்கூட அறுக்காது. 'வந்துட்டாரு'ன்னு செருப்புகூடப் போடாம ஓடும். காப்பி பாதி குடிச்சது பாதியில இருக்கும். எம்புட்டு நாள் ஆறிப்போனத நானே எடுத்துக் கீழ ஊத்திருக்கேன். அப்படி என்ன அவசரம்னு கேட்டா, 'வெயில்ல நிப்பாரு'ன்னும்."

நான் பானட்டுக்குப் பின்னால் நின்றேன். நல்லவேளை, பானட் திறந்திருந்தது. இருபத்தைந்து வருஷம், காது கேக்கலையா என்று கேட்டிருக்கிறேன். ஓடி வந்தவளிடம் கேட்டிருக்கிறேன். வெறுங்காலோடு வந்து நின்றதை ஒரு நாளாவது பார்த்தேனா என்று யோசித்தேன். காலைப் பார்த்த ஞாபகமே இல்லை. திறந்த கேட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

பேச்சாயி போன பிறகு பட்டனைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கழற்றவில்லை. முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்தேன். எந்தப் பக்கம் வைத்து எடுத்தாலும் வார்னிஷ் வெளிச்சத்தை வாங்கி வெள்ளையாக அடித்தது. ரேகை விழவே இல்லை. பதினேழு போட்டோ எடுத்தேன், பதினேழிலும் ஒரு சிவப்புப் புள்ளியும் அதன் மேல் ஒரு வெள்ளை வெளிச்சமும்.

வழக்கம்போல் சாயங்காலம் தமிழ்மதி பேசினாள். "வண்டி என்னாச்சுப்பா? பாஸாகலைன்னா விட்டுருங்க. ஷெட்டுல நிக்கட்டும். இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

ஷெட்டில் நிற்கட்டும். எனக்கு அந்த வழியும் தோன்றாமல் இல்லை. ஆர்.சி. போகட்டும், வண்டி ரோட்டுக்குப் போக வேண்டாம், பொட்டு அப்படியே இருக்கும். நான் தினமும் காலையில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். ஊமை வண்டியும், ஊமைப் பொட்டும், நானும். சாப்பிட உட்கார்ந்தபோதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோறும் ரசமும் மட்டும்தான், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு. அந்த நேரத்தில் அவள் வருஷா வருஷம் சொன்னது ஞாபகம் வந்தது. வண்டிக்கு வாய் அதுதான என்றாள். நான் அந்த வாயைத்தான் வார்னிஷ் போட்டு அடைத்து வைத்திருக்கிறேன். அவள் வேண்டிக்கொண்டு வைத்தது சத்தம் வருவதற்கு. நான் வைத்துக்கொண்டிருப்பது எனக்காக.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, காய்கறி அரிகிற சின்னக் கத்தியோடு காரில் ஏறினேன்.

பட்டனுக்கும் வட்டத்துக்கும் நடுவில் கத்தி முனையை விட்டு நெம்பினேன். வார்னிஷ் இறுகிப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் நெம்பினேன். டக்கென்று ஒரு சத்தம், சந்தனம் குறுக்கே விரிந்தது. பட்டன் கையோடு வந்தபோது பொட்டு நாலைந்து துண்டாகி என் மடியில் விழுந்தது. எடுத்துச் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு துண்டை விரலால் தொட்டேன், அது தூளாகிவிட்டது. ரேகை இருந்த துண்டு எது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன். பார்க்க யாரும் இல்லை, அதனால் வசதியாகவே அழுதேன்.

உள்ளே பித்தளைத் தகடு முழுக்க வார்னிஷ் இறங்கித் தேன் நிறத்தில் படர்ந்து காய்ந்திருந்தது. சந்தனம் ஒரு பொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக நான் கத்தியது தப்பு, அவள் வைத்ததால் ஒன்றும் ஆகவில்லை. உப்புத்தாளால் தேய்த்தேன். பித்தளை மஞ்சளாக வெளியே வந்தது. பட்டனை மாட்டி, நடுவில், நேராக, விரலை வைத்து அழுத்தினேன். அடித்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரிசை நீளமாக இருந்தது. புது இன்ஸ்பெக்டர் வயதில் என் மகளைவிடச் சின்னவர். பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை ஒரே தடவை அழுத்தினார். பக்கத்தில் நின்ற மினி லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பழைய வண்டின்னாலும் நல்லா வச்சிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார். "கோயிலுக்குப் போயிட்டு நேரா வாறீங்களா?"

புரியாமல் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம். தேய்க்கும்போது வேர்வையைத் துடைத்த கையில் ஒட்டியிருந்திருக்கவேண்டும்.

"ஆமாங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ரெண்டு மணி. கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். வெயில் நேராக மடியில் விழுந்தது. பட்டன் நடுவில் ஒன்றும் இல்லை, சுத்தமாக இருந்தது. அதில் விரலை வைத்து, சின்னதாக ரெண்டு தடவை அடித்தேன்.

கேட்டுக்குக் கனகா வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் காது கேக்கலையா என்று கேட்கவில்லை.

சுவருக்கு மேல் பேச்சாயி தெரிந்தாள். ஒரு கையில் துணி, இன்னொரு கையில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸாயிருச்சாண்ணே?"

"ஆயிருச்சு."

அவள் உடனே போகவில்லை. நூலைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டதும் 'போ மதினி, வந்துட்டாரு'ன்னு சொல்லிட்டேன்ணே" என்றாள். "சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தா, பக்கத்துல ஆளில்ல."

நான் செருப்பைக் கழற்றி வண்டிக்குள்ளேயே போட்டுவிட்டு இறங்கினேன். தரை சுட்டது. நடந்து போய்க் கேட்டைத் திறந்தேன், முதலில் இடது கதவு, அப்புறம் வலது கதவு.